ஸ்மார்ட் டிவியை வெறும் திரையாக மட்டும் வைத்துக்கொள்வது எப்படி?

தெக்கத்திக்காரன் எழுதியது:

43 இன்ச் 4கே கூகுள் டிவி ஒன்று வாங்கியாயிற்று, இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. பார்க்கப்போவது அப்பா, அம்மா. அவர்களுக்கு வேண்டியது டிடிஎச் செட்டாப் பாக்ஸில் வரும் சேனல்கள். எப்போதாவது படம் பார்க்க ஃபயர் டிவி ஸ்டிக். டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப், பரிந்துரை வரிசை, விளம்பரம், குரல் தேடல் எதுவும் வேண்டாம். ஸ்மார்ட் அல்லாத டிவியாகவே வாங்கலாமென்றால் இந்த அளவில் கடையில் சிக்குவதில்லை.

தெரிய வேண்டியவை: வைஃபையே கொடுக்காமல் டிவி ஒழுங்காக ஓடுமா? ஆன் செய்ததும் ஹோம் ஸ்கிரீன் வராமல் நேராக செட்டாப் பாக்ஸ் வர என்ன வழி? பழைய 5.1 ஹோம் தியேட்டர் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. அதில் எச்டிஎம்ஐ கிடையாது, ஆப்டிகல் (ஒளி இழைக் கேபிள்) இன்புட் மட்டும்தான். அதை எப்படி இணைப்பது?

---

ஈயப்பற்று:

பிரிக்காமல் வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று. முதல் தடவை ஆன் செய்யும்போது வரும் சில திரைகளிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடும். மாட்ட வரும் கம்பெனி ஆள் அவசரத்தில் தன் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, வந்த கேள்விக்கெல்லாம் சம்மதம் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். சுவரில் மாட்டிக் கொடுத்தால் போதும், செட்டப் நாங்களே செய்துகொள்கிறோம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கூகுள் டிவியில் மொழி, நாடு கேட்ட பிறகு ஒரு திரை வரும். ஒரு பக்கம் முழு கூகுள் டிவி, இன்னொரு பக்கம் "பேசிக் டிவி". பேசிக் டிவியைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் கணக்கு கேட்காது. ஆப் கடை, காஸ்ட், அசிஸ்டன்ட் எதுவும் இருக்காது. எச்டிஎம்ஐ இன்புட்களும் ஆன்டெனா ட்யூனரும் மட்டும் மிஞ்சும். போனை வைத்து அமைக்கச் சொன்னால் வேண்டாமென்று டிவியிலேயே தொடருங்கள். வைஃபை பட்டியல் வரும்போது "ஸ்கிப்". தயாரிப்பாளரின் நிபந்தனைத் திரைகளில் கட்டாயமானதைத் தவிர மற்ற டிக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

வீடா கடையா என்று ஒரு கேள்வி வரும். அதில் "ஹோம்" என்றே கொடுக்க வேண்டும். தவறிப்போய் ஸ்டோர் மோடு ஆகிவிட்டால் வெளிச்சம் உச்சத்தில் நிற்கும், விளம்பரப் பட்டை ஓடும், நீங்கள் மாற்றிய பட அமைப்பெல்லாம் கொஞ்ச நேரத்தில் பழையபடி திரும்பிவிடும். "டிவி தானாக செட்டிங்கை மாற்றுகிறது" என்று வரும் புகார்களில் கணிசமானவை இதுதான்.

ஏற்கெனவே முழு கூகுள் டிவியாக அமைத்துவிட்டவர்கள் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட், ரீசெட் வழியாக ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். கணக்கை மட்டும் நீக்கினால் பேசிக் டிவி ஆகாது.

அடுத்தது ஆன் ஆகும் விதம். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் எனர்ஜி பகுதியில் "பவர் ஆன் பிஹேவியர்" என்று இருக்கும்; பிராண்டுக்குத் தக்கபடி பெயர் கொஞ்சம் மாறும். அதில் "லாஸ்ட் யூஸ்டு இன்புட்" வையுங்கள். கடைசியாக எந்த இன்புட்டில் அணைத்தார்களோ அதிலேயே எழும். சில பிராண்டுகளில் குறிப்பிட்ட ஓர் எச்டிஎம்ஐயையே நிரந்தரமாக வைக்க முடியும், இருந்தால் அதுவே மேல். சாம்சங்கில் இதே வேலைக்கு ஸ்மார்ட் ஹப் தானாகத் திறப்பதையும் கடைசி ஆப் தானாக ஓடுவதையும் அணைக்க வேண்டும். எல்ஜியில் "ஹோம் ஆட்டோ லாஞ்ச்".

கடைசியாக, பலர் கோட்டைவிடும் ஒன்று. உங்கள் வீட்டில் நாள் முழுக்க செட்டாப் பாக்ஸ் ரிமோட்தான் புழங்கும். டிவியைப் பொறுத்தவரை யாருமே பட்டனைத் தொடவில்லை. அதனால் 4 மணி நேரம் ஆனதும் சீரியல் நடுவில் தானாக அணைந்துவிடும். டிவி கெட்டுப்போய்விட்டது என்று சர்வீஸுக்குச் சொல்லிவிடுவார்கள். "ஆட்டோ பவர் ஆஃப்" அல்லது "ஐடில் ஸ்டாண்ட்பை" என்ற பெயரில் இருப்பதை ஆஃப் செய்யுங்கள். சிக்னல் இல்லாதபோது அணைவது வேறு அமைப்பு. அதை அப்படியே விடுங்கள். செட்டாப் பாக்ஸை மட்டும் அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர்களுக்கு அது உதவும்.

---

வலைக்கண்ணி:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் இல்லை, ஓர் அழுத்தம் மட்டும். "ஆப் எதையும் திறப்பதில்லை, எச்டிஎம்ஐயில்தான் பார்க்கிறோம், அதனால் கண்காணிப்பு இல்லை" என்று நினைப்பவர்கள் அதிகம். வைஃபை இணைந்திருக்கும்வரை அது தப்புக் கணக்கு.

ஏசிஆர் என்ற தொழில்நுட்பம் திரையில் ஓடுவதைத் துண்டு துண்டாக எடுத்து, சுருக்கக் குறியாக மாற்றி, சர்வரில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு என்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கிறது. படம் எந்த வழியாக உள்ளே வந்தது என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. 2024-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், கலிஃபோர்னியா டேவிஸ், மாட்ரிட் கார்லோஸ் III பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வைத்துச் சோதித்தார்கள். எச்டிஎம்ஐயில் வேறு கருவியைச் செருகி வெறும் திரையாகப் பயன்படுத்தியபோதும் ஏசிஆர் போக்குவரத்து இருந்தது. எல்ஜி 15 நொடிக்கு ஒருமுறையும் சாம்சங் நிமிடத்துக்கு ஒருமுறையும் அனுப்பின. அதே ஆய்வில், அமைப்புகளில் போய் மறுத்துவிட்டால் அந்தப் போக்குவரத்து நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன், 2017-இல், விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் கேட்காமலே பார்வை விவரம் சேர்த்ததற்காக அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

ஏதோ காரணத்துக்காக வைஃபை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அணைக்க வேண்டியவை இந்தப் பெயர்களில் ஒளிந்திருக்கும்: சாம்சங்கில் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்", எல்ஜியில் "லைவ் பிளஸ்", சோனியில் "சம்பா இன்டராக்டிவ் டிவி".

டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) வடிகட்டியை வைத்துத் தடுக்கலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். அரை வேலைதான் ஆகும். ரவுட்டர் கொடுக்கும் டிஎன்எஸ்ஸை மதிக்காமல் தனக்குள் எழுதிவைத்த முகவரிக்கே போகும் கருவிகள் உண்டு. ரவுட்டரில் மேக் முகவரியை (நெட்வொர்க் இணைப்புக்கான அடையாள எண்) வைத்து இணையத்தையே மறுப்பது உறுதியான வழி. வைஃபைக்கு ஒரு மேக், லேன் துளைக்கு இன்னொரு மேக் இருக்கும், இரண்டையும் சேருங்கள். எல்லாவற்றையும்விடச் சுலபம், பாஸ்வேர்டையே கொடுக்காமலிருப்பது. முன்பு கொடுத்திருந்தால் "ஃபர்கெட் நெட்வொர்க்" செய்யுங்கள். வைஃபையை அணைத்து வைத்தால் மட்டும் போதாது, பாஸ்வேர்ட் உள்ளேயே இருக்கும்.

எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி இணையத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பயம் சுற்றுகிறது. எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் ஈதர்நெட் சானல் என்று ஒன்றை 2009-இல் சேர்த்தது உண்மை. அதைப் பயன்படுத்தும் வீட்டுக் கருவி கிட்டத்தட்ட எதுவும் வரவில்லை. ஃபயர் ஸ்டிக் வழியாக டிவிக்கு இணையம் போகாது.

---

தெக்கத்திக்காரன்:

நன்றி. பேசிக் டிவி, வைஃபை இல்லை, 4 மணி நேர ஆஃப் மூன்றையும் குறித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். ராத்திரி ஸ்டிக்கில் படம் பார்த்து அணைத்தால், காலையில் அம்மா ஆன் செய்யும்போது "லாஸ்ட் இன்புட்" என்று ஸ்டிக்தானே வந்து நிற்கும்? எச்டிஎம்ஐ சிஇசி ஆன் செய்தால் சரியாகிவிடுமா?

---

கம்பிவடம்:

சிஇசி ஆன் பண்ணினா உங்க விஷயத்துல சிக்கல்தாங்க கூடும். சிஇசிங்கிறது எச்டிஎம்ஐ கேபிள்லயே ஒரு தனிக் கம்பியில ஓடுற கட்டளை. சாம்சங்ல அனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க்னு பேரு வேற வேற, சரக்கு ஒண்ணுதான். டிடிஎச் பாக்ஸ்ல பெரும்பாலும் சிஇசி இருக்காது. ஸ்டிக்ல இருக்கும். ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்? ஸ்டிக் எழுந்திரிச்சா டிவிய தன் பக்கம் இழுத்துக்கும், பாக்ஸ் எழுந்திரிச்சா இழுக்காது. அதாவது ஒருவழிப் பாதை. செய்தி பார்த்துட்டு இருக்கும்போது யாராவது ஸ்டிக் ரிமோட் மேல உட்கார்ந்தா போதும், திரை தாவிடும்.

ஆப்டிகல்ல சவுண்ட் எடுக்கறதால உங்களுக்கு ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிள் வழியாவே டிவி சவுண்டை வெளிய அனுப்பறது) தேவையில்ல. அதனால டிவியிலயும் ஸ்டிக்லயும் சிஇசியை அணைச்சிடுங்க. (ஏஆர்சி சவுண்ட்பார் வெச்சிருக்கறவங்க இதைச் செய்யாதீங்க, நிறைய டிவியில சிஇசி போனா ஏஆர்சியும் சேர்ந்து போயிரும்.) சிஇசி இல்லைன்னாலும் ஃபயர் ரிமோட்டால டிவிய ஆன், ஆஃப், வால்யூம் பண்ண முடியும். அந்த மூணையும் ரிமோட் ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) வழியா நேரா டிவிக்கு அனுப்பும். ஸ்டிக் செட்டிங்ஸ்ல "எக்விப்மென்ட் கன்ட்ரோல்"ல டிவி பிராண்டைத் தேர்ந்தெடுத்தா போதும்.

இன்புட் மாறுற பிரச்சினைக்கு ரெண்டு வழி. ஒண்ணு, செட்டாப் பாக்ஸ் ரிமோட்ல டிவிக்குன்னு இருக்கிற பவர், சோர்ஸ் பட்டன்களை டிவியோட பழக்கி வைக்கறது. நிறைய டிடிஎச் ரிமோட்ல இந்த வசதி உண்டு. டிவி ரிமோட் புளூடூத்தா இருந்தாலும் அதோட பவர் பட்டன் பெரும்பாலும் ஐஆர்தான், டிவியிலயும் ஐஆர் கண் இருக்கும். ஒரே ரிமோட்ல எல்லாம் முடிஞ்சிட்டா பெரியவங்களுக்கு நிம்மதி. டிவி ரிமோட்டை எடுத்து அலமாரியில வெச்சிடலாம். அதுல இருக்கிற நெட்ஃபிளிக்ஸ் பட்டனைத் தெரியாம அமுக்கி "செட்டப்பை முடியுங்கள்"னு திரை வந்து நிக்கற தொல்லையும் போச்சு.

ரெண்டாவது வழி, மூணு உள்ளே ஒண்ணு வெளியே எச்டிஎம்ஐ ஸ்விட்ச். பாக்ஸ், ஸ்டிக் ரெண்டும் ஸ்விட்ச்சுக்கு, ஸ்விட்ச்லேர்ந்து ஒரே கேபிள் டிவியோட எச்டிஎம்ஐ 1-க்கு. டிவிக்கு எப்பவும் ஒரே இன்புட்தான் தெரியும், அதனால லாஸ்ட் இன்புட் குழப்பமே வராது. தானா மாறுற ஸ்விட்ச் வாங்காதீங்க. ஸ்டாண்ட்பையில இருக்கும்போதும் சில கருவிங்க கேபிள்ல உயிர் காட்டிட்டே இருக்கும், ஸ்விட்ச் குழம்பிடும். தனி ரிமோட்டோ, அமுக்குற பட்டனோ இருக்கிறதா பாருங்க. 4கே 60 ஹெர்ட்ஸ், எச்டிசிபி 2.2 (நகல் எடுக்கறதைத் தடுக்கிற பூட்டு) ரெண்டும் அட்டையில எழுதியிருக்கணும். எச்டிசிபி 2.2 இல்லாத ஸ்விட்ச் போட்டா ஓடிடி ஆப்ல 4கே வராது, சில சமயம் படமே கறுப்பா நிக்கும்.

---

ஐந்துக்கு ஒன்று:

ஹோம் தியேட்டர் பகுதிக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

இணைப்பு சுலபம்: பாக்ஸும் ஸ்டிக்கும் எச்டிஎம்ஐயில் டிவிக்கு, டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஹோம் தியேட்டரின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரே கேபிள். புதுக் கேபிளின் இரு முனையிலும் கண்ணாடி நிறத்தில் சின்னத் தொப்பி இருக்கும், அதைக் கழற்றாமல் செருகினால் ஒன்றும் கேட்காது. டிவியை ஆன் செய்துவிட்டு மறுமுனையைப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். கேபிளைச் செங்குத்தாக மடக்கிச் சுவரோடு ஆணியடிக்க வேண்டாம், உள்ளே இழை முறிந்துவிடும்.

சத்தம் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் ஃபார்மட். ஆப்டிகல் வழியாக இரண்டு சானல் பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி) போகும், டால்பி டிஜிட்டல் 5.1 போகும். டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது. ஓடிடி ஆப்கள் பெரும்பாலும் கொடுப்பது அந்தப் பிளஸ்தான். டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை "பாஸ் த்ரூ"வில் (வந்ததை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) வைத்தால் பிளஸ் ஆப்டிகலில் போக வழியில்லாமல், சேனல் கேட்கும், ஸ்டிக்கில் படம் மட்டும் ஊமையாக ஓடும். "டால்பி டிஜிட்டல்" அல்லது "ஆட்டோ" வையுங்கள். டிவியே பிளஸ்ஸைச் சாதாரண டால்பியாக மாற்றி அனுப்பும். எல்லா டிவியும் மாற்றித் தராது. அப்படியானால் ஸ்டிக்கின் ஆடியோ அமைப்பில் பிசிஎம் வைத்துவிட்டு, இரண்டு சானலை ஹோம் தியேட்டரின் ப்ரோலாஜிக் வசதி எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பட்டும் என்று விட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் படிக்கிறவர்களில் ஆப்டிகல்கூட இல்லாத பழைய ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களுக்கு: ஆப்டிகலிலிருந்து சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின்னுக்கு மாற்றும் சின்னப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. அது பிசிஎம் மட்டுமே புரிந்துகொள்ளும். டிவியைக் கட்டாயம் பிசிஎம்மில் வைக்க வேண்டும், இல்லையென்றால் மௌனம் அல்லது கரகரப்பு. பெட்டி கெட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வால்யூமை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். ஆப்டிகலில் போகும் சத்தத்தைப் பெரும்பாலான டிவிகளில் டிவி ரிமோட்டால் கூட்டிக் குறைக்க முடியாது, ஹோம் தியேட்டரின் ரிமோட்தான் வேண்டும். செட்டாப் பாக்ஸின் சொந்த வால்யூமை உச்சத்தில் வைத்துவிட்டு மற்றதை அங்கே பார்த்துக்கொள்வது வழக்கம். அன்றாடச் செய்திக்கும் சீரியலுக்கும் டிவி ஸ்பீக்கரே போதும் என்பது என் கருத்து; ஆடியோ அவுட்புட்டை மாற்றும் இடத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

குரல் முந்தி உதடு பிந்தினால், டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காரணம். முதலில் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். மிச்சமிருந்தால் "ஆடியோ டிலே"யைப் படிப்படியாகக் கூட்டுங்கள். குரல் பிந்தி வந்தால் டிவியால் சரிசெய்ய முடியாது, டிலேயை 0 ஆக்கிப் பாருங்கள்.

---

ஈயப்பற்று:

படம் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்டிக் போடும் எச்டிஎம்ஐக்கு மட்டும் "என்ஹான்ஸ்டு ஃபார்மட்" வையுங்கள் (சாம்சங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜியில் "டீப் கலர்"). அது இல்லாமல் 4கே 60-இல் எச்டிஆர் (வெளிச்சம், நிழல் விவரத்தைக் கூட்டிக் காட்டும் முறை) முழுதாக வராது. செட்டாப் பாக்ஸ் போடும் துளையை "ஸ்டாண்டர்டு"லேயே விடுங்கள். பழைய பாக்ஸுக்குப் புது ஃபார்மட்டைக் காட்டினால் சில சமயம் திரை வெறுமையாகிவிடும். கம்பிவடம் சொன்ன ஸ்விட்ச் வழியில் இரண்டுக்கும் ஒரே துளை என்பதால் இந்தப் பிரிப்பு முடியாது, பாக்ஸ் முரண்டு பிடித்தால் அதை யோசிக்க வேண்டும்.

ஸ்டிக்குக்கு மின்சாரம் டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். படம் கனமாகும்போது ஸ்டிக் ரீஸ்டார்ட் ஆகும், டிவியை அணைக்கும்போதெல்லாம் ஸ்டிக்கும் செத்து மறுபடி முதலிலிருந்து எழும். கூட வந்த அடாப்டரையே போடுங்கள். கூடவே வரும் குட்டி எக்ஸ்டெண்டர் கேபிளையும் தூக்கிப் போடாமல் மாட்டுங்கள், டிவியின் உலோக முதுகிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றால் வைஃபை நன்றாகப் பிடிக்கும்.

---

சும்மா ஒரு ஆள்:

டிவிக்கு நெட் வேண்டாம் என்று இவ்வளவு பாடுபட்டு, பக்கத்திலேயே நெட்டோடு ஒரு ஸ்டிக்கைச் செருகுகிறீர்களே. விளம்பரமும் கண்காணிப்பும் அதில் இல்லையா?

---

வலைக்கண்ணி:

இருக்கிறது. ஆனால் ஸ்டிக் தன் வழியாக ஓடுவதை மட்டும்தான் அறியும், செட்டாப் பாக்ஸில் ஓடுவது அதற்குத் தெரியாது. பிடிக்காவிட்டால் பிடுங்கி வைத்துவிட்டு வேறொன்று போடலாம், டிவியை மாற்ற வேண்டியதில்லை. ஃபயர் டிவியில் ப்ரிஃபரன்ஸஸ், பிரைவசி செட்டிங்ஸில் கருவிப் பயன்பாட்டு விவரம், ஆப் பயன்பாட்டு விவரம், விருப்பம் சார்ந்த விளம்பரம் மூன்றையும் அணையுங்கள். "ஃபீச்சர்டு கன்டென்ட்" பகுதியில் வீடியோ, ஆடியோ தானாக ஓடுவதையும் அணைத்துவிட்டால் ஹோம் திரை கத்தாது.

லினக்ஸ் போட்ட மினி பிசியோ ராஸ்பெர்ரி பையோ வைத்தால் கண்காணிப்பு இன்னும் குறையும். சேமித்து வைத்த படங்களுக்கு அருமை. ஓடிடிக்குச் சரிவராது, அங்கே வைட்வைன் என்ற காப்புப் பூட்டின் கீழ்மட்டமான எல்3 மட்டுமே கிடைப்பதால் 4கே தரமாட்டார்கள். மினி பிசிகளில் சிஇசியும் பெரும்பாலும் இருக்காது, ரிமோட்டுக்குத் தனி ஏற்பாடு தேவைப்படும். பெற்றோர் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

---

தெக்கத்திக்காரன்:

கடைசிக் கேள்வி. நெட்டே இல்லையென்றால் சாஃப்ட்வேர் அப்டேட்? கடிகாரம்?

---

ஈயப்பற்று:

திரையாக மட்டும் ஓடும் டிவிக்கு அப்டேட் அவசியமில்லை. எச்டிஎம்ஐ பிடிக்காமல் போவது, சத்தம் அறுந்து அறுந்து வருவது மாதிரி குறை இருந்து, அதற்கான திருத்தம் வந்திருந்தால் மட்டும் போடுங்கள். உங்கள் மாடல் எண்ணுக்கான ஃபைலைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்து, ஃபேட்32-இல் ஃபார்மட் செய்த பென்டிரைவில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வைத்து, டிவி யூஎஸ்பியில் செருகி, செட்டிங்ஸில் யூஎஸ்பி அப்டேட் கொடுக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே போகலாம். இன்வெர்ட்டர் லைனில் இருக்கும்போது செய்யுங்கள். தளத்தில் ஃபைலே வைக்காத பிராண்டு என்றால் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து அப்டேட் முடித்துவிட்டு, "ஃபர்கெட் நெட்வொர்க்" செய்து, ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு பவர் ஆன் பிஹேவியரும் ஆட்டோ பவர் ஆஃபும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

கடிகாரத்தைக் கையால் வைக்கலாம். தானியங்கி நேரத்தை அணைத்த பிறகுதான் மாற்ற விடும். ஸ்லீப் டைமர் கடிகாரத்தைப் பார்க்காது, அது பாட்டுக்கு ஓடும். பிறகு எப்போதாவது நெட் கொடுத்து "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று பிழை வந்தால் முதலில் தேதியைச் சரிபாருங்கள்.